சொந்த மைதானக்காரர்

சொந்த மைதானக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் ஊரிலும் இருக்கிறார், வேறு பெயரில். அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து, முதல் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, கையைக் கழுவும் இடத்தில் பெண்ணின் அப்பாவைப் பிடித்து, “இந்த மண்டபத்துக்குக் குடுத்த வாடகைல...” என்று ஆரம்பிப்பாரே, அவருக்கு ஒன்றுவிட்ட சகோதரர். ஒரே வித்தியாசம்தான். இவருக்கு மண்டபம் போதாது. கால்பந்து ஸ்டேடியமே வேண்டும்.

கானா கடற்கரையில், எங்கள் ஊரில், இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஏபோ டாட்ஸி. தொழில், நில அளவை. காலி நிலம் எதைப் பார்த்தாலும் அவர் கண்ணுக்கு அதில் இரண்டு கோல் கம்பங்கள் முளைக்கும். மரவள்ளித் தோட்டத்தை அளக்கப் போனால் தெற்குப் பக்க கேலரி தெரியும். தேவாலயத்தில் பிரசங்கம் நடக்கும்போது கூரையை அண்ணாந்து பார்த்து உருகுவார்; பாதிரியார் அதைப் பக்தி என்று நினைப்பார். தூண் இல்லாமல் எத்தனை தூரத்துக்குக் கூரை போடலாம் என்பதுதான் அந்தப் பக்தி.

எங்கள் அணியின் பெயர் மைட்டி சார்டீன்ஸ். மத்தி மீனைப் பார்த்து இதுவரை யாரும் பயந்ததில்லை என்பது பெயர் வைத்தவர்களுக்குத் தோன்றவில்லை. சம்பளம் வாங்கி ஆடும் அணிதான், பெரிய லீக்தான், ஆனால் ஆடுவது வாடகை ஸ்டேடியத்தில். அதே ஸ்டேடியத்தைத் தீர்க்கதரிசிகள் ஜெபக் கூட்டத்துக்கு எடுப்பார்கள், கட்சிக்காரர்கள் எடுப்பார்கள், பெரிய குடும்பங்கள் துக்கத்துக்கு எடுக்கும். ஒருமுறை ஆட்டக்காரர்கள் வந்து பார்த்தால் வடக்குக் கோல் கம்பத்தைக் காணோம். பேய் ஓட்டுவதற்கு இடைஞ்சலாக இருந்ததாம்.

இதனால் டாட்ஸிக்கு உலகத்தின் எல்லாத் துன்பத்துக்கும் ஒரே காரணம் கிடைத்துவிட்டது. நாலு கோல் வாங்கித் தோற்றால்? “வாடகைப் புல்லு சார், நம்ம பேச்சக் கேக்காது.” முன்னணி வீரனுக்குக் கணுக்கால் சுளுக்கினால்? “வாடகைப் பள்ளம்.” அந்த வீரனின் காதல் முறிந்தால்? அதற்கும் சற்று யோசித்துவிட்டு, “சொந்த மைதானம் இருக்கற டீம்ல இருந்திருந்தா அந்தப் பொண்ணு விட்டுருக்குமா?” என்பார்.

அவர் ‘சொந்த மைதானக் குழு’வின் செயலாளர். எங்கள் ஊரில் யாரையும் ‘சேர்மன்’ என்று கூப்பிடலாம், பெட்டிக்கடைக்காரரைக் கூட. ஆகவே அவரும் சேர்மன். வரப்போகும் ஸ்டேடியத்துக்கு ஒரு மாதிரி செய்து வைத்திருந்தார், காலி மத்தி டப்பாக்களை வெட்டி. அதை வைக்க வேறு இடம் இல்லாததால் அது சாப்பாட்டு மேசையின் நடுவில் இருந்தது. குடும்பம் அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும். கேலரியில் மீன் முள் கிடக்கும். நடு வட்டத்தில் உப்பு டப்பா.

உப்பு டப்பாவை வைப்பவர் அவருடைய அம்மா, அராபா அம்மாள். சந்தையில் மீன் விற்றவர். வாடகைக் கட்சியின் ஒரே பேச்சாளர்.

“ஏபோ, ஒன் ஸ்டேடியத்தக் கொஞ்சம் நகத்துடா. கொழம்பு வைக்கணும்.”

“அம்மா, அது அளவுப்படி வச்சிருக்கேன். வடக்கு வடக்கப் பாத்து இருக்கணும்.”

“கொழம்புக்கு வடக்கு தெற்கு கெடையாது. நகத்து.”

“நீ இத்தன வருஷமா சந்தைக் கடைக்கு வாடகை குடுத்தியே, என்ன மிஞ்சிச்சு?”

“தூக்கம் மிஞ்சிச்சு. புயல்ல கூர பறந்தப்போ நான் கொறட்ட விட்டுத் தூங்கினேன். கடைக்குச் சொந்தக்காரன்தான் மழைல நின்னு அழுதான்.”

“அது மீன் கடை. இது மானம்.”

“மானத்துக்குப் புல்லு யாரு வெட்டுவா? வாரம் ஒரு நாள் ஆடறதுக்கு ஒரு மைதானம். மத்த ஆறு நாள் அத என்ன பண்ணுவே? மடில வச்சுக் கொஞ்சுவியா?”

இப்படியே வருஷக் கணக்கில். கென்கே என்ற மக்காச்சோள உருண்டையைப் பிட்டு, மிளகாய்த் துவையலில் தொட்டு, ஒரு வாய்க்கு ஒரு வாதம். ஒருவர் மற்றவரை ஜெயித்ததே இல்லை. ஜெயித்தால் மறுநாள் சாப்பிடும்போது என்ன பேசுவது? இருவருக்கும் அது தெரியும். கடைசியில் படுக்கையில் விழுந்தபோதும் அந்த அம்மாள் விடவில்லை. “என் சாவுக்கு ஸ்டேடியத்த எடு, ஏபோ. சந்தை மொத்தமும் வரும், வேற எடம் பத்தாது. வாடகைக்கு எடு. வாங்கிடாத.”

இறந்துவிட்டார்.

எங்கள் ஊரில் உடல் வாரக்கணக்கில் பிணவறையில் காத்திருக்கும்; அடக்கத்துக்கு நாள் குறிப்பதே ஏழாம் நாள் கூட்டத்தில்தான். அதில் பெந்த்ஸில் என்ற தாய்மாமன், குடும்பத் தலைவர் என்ற முறையில், இறுதிச் சடங்குக்கு ஒரு சனிக்கிழமையைக் குறித்தார். “யாருக்காவது ஆட்சேபம் உண்டா?” என்று கேட்டார். டாட்ஸி பந்தல் கம்பு சாய்ந்திருக்கும் கோணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சரி மாமா” என்றார். ஸ்டேடியத்தைப் பதிவு செய்தார். சில வாரம் கழித்து, சார்டீன்ஸ் கடைசி ஆட்டம் ஆட வேண்டிய ஞாயிற்றுக்கிழமையை ஸ்டேடியம் அலுவலகம் ஒரு தீர்க்கதரிசிக்குக் கொடுத்துவிட்டது. குழுச் செயலாளர் கொதித்தெழுந்து, அலைந்து, மன்றாடி, ஆட்டத்தை முந்தின நாள் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டு வெற்றியோடு திரும்பினார். அம்மா போன பிறகு அவர் தேதிகளைக் கையால்தான் எழுதினார். தலை வேறெங்கோ இருந்தது.

இரண்டு சுவரொட்டிகள் அடித்தார், ஒரே அச்சகத்தில். ஸ்டேடியம் சுவரில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டப்பட்ட பிறகுதான் பார்த்தார். இந்தப் பக்கம் அம்மா. அந்தப் பக்கம் மத்தி மீன். கீழே ஒரே நாள், ஒரே இடம், ஒரே பிற்பகல்.

அச்சகக்காரரிடம் ஓடினார். “ஏன்யா, நீயாவது சொல்லக் கூடாதா?”

“பேக்கேஜுன்னு நெனச்சேன் சேர்மன்.”

ஸ்டேடியம் காவலர் லமினுவிடம் ஓடினார். லமினு சாவிக் கொத்தைக் குலுக்கிக்கொண்டே சிரித்தார். “துக்கத்துக்கு ஒரு கவுன்ட்டர், வெளையாட்டுக்கு ஒரு கவுன்ட்டர். ரெண்டு எடத்துலயும் ரசீது போட்டாச்சு சார். ரெண்டும் உங்க பேர்லதான். நீங்களே உங்களோட பேசித் தீத்துக்குங்க.”

தாய்மாமனிடம் ஓடினார். “தேதிய மாத்தலாமா மாமா?”

“பொணவறைல சொல்லியாச்சு. லண்டன்லேர்ந்து ஒன் தங்கச்சி டிக்கெட் போட்டாச்சு. கறுப்பும் செவப்புமாத் துக்கத் துணி தைக்கக் குடுத்தாச்சு. ஒங்கம்மா ஒரு தடவதான் சாவா ஏபோ. ஒன் லீக்குக்காக ரெண்டாவது தடவ சாகச் சொல்ல முடியாது.”

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஜோஜோ. சார்டீன்ஸின் கோல்கீப்பர், பக்கத்து வீட்டுப் பையனாக வளர்ந்தவன், சின்ன வயசில் அராபா அம்மாளின் அகப்பையால் ஊர் முழுக்கத் துரத்தப்பட்டவன். “சேர்மன், சனிக்கிழம நாம மைதானம் காட்டலேன்னா ஆடாமலே தோல்வி. ஒரு பாயின்ட் இல்லேன்னா கீழ் லீக்குக்குப் போயிடுவோம். என்ன பண்ணப் போறீங்க?” கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, “அராபா அக்கா கோச்சுக்குமா?” என்றான்.

குழுச் செயலாளர் டாட்ஸி, துக்க வீட்டு டாட்ஸியிடம் பணிவாகப் பேச்சைத் தொடங்கினார். துக்க வீட்டு டாட்ஸி வாயைத் திறந்தால் அழுகை வந்தது. பேச்சுவார்த்தை முறிந்தது.

நில அளவைக்காரர் டாட்ஸிதான் மிச்சம். அவர் நாடாவை எடுத்துக்கொண்டு போய் ஸ்டேடியத்தை அளந்தார். புல்லைச் சுற்றி ஓட்டப்பந்தயத்துக்கான ஓடுபாதை. ஒரு வரிசைப் பந்தல் தாங்கும். பந்தலுக்கும் கோட்டுக்கும் நடுவில் லைன்ஸ்மேன் கொடியோடு ஓட இடம் இருக்கிறது, அவர் குண்டாக இல்லாத பட்சத்தில். நன்கொடை வாங்கும் குடும்பத்தாரின் மேசையையும் அம்மாவின் பெரிய படத்தையும் வடக்குக் கோலுக்குப் பின்னால் வைக்கலாம்.

தாய்மாமன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஆட்டம் நடந்தாலும், துக்கத்துக்கு யார் என்ன கொடுத்தார் என்ற ஒலிபெருக்கி அறிவிப்பு நிற்காது.

சனிக்கிழமை காலை அடக்கம் முடிந்தது. மதியம் ஊரே கறுப்பும் சிவப்புமாக ஸ்டேடியத்தில் வந்து இறங்கியது. எதிரணி மலைப்பக்கத்துச் சுரங்க ஊர். பேருந்திலிருந்து இறங்கியவர்கள் பந்தலையும் பித்தளை வாத்தியத்தையும் ஜொலோஃப் சோற்றுக் குண்டானையும் பார்த்தார்கள். ஏதோ மாந்திரீகம் என்று முடிவு செய்து பேருந்தில் திரும்ப ஏறிக்கொண்டார்கள். நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். மைதானத்துக்குள் நாய் வந்தால் என்ன செய்வது என்று இருந்தது. துக்கம் வந்தால் என்ன செய்வது என்று இல்லை. “எறங்கலேன்னா நீங்கதான் தோத்தீங்க” என்று ஜன்னல் வழியாகச் சொன்னார். இறங்கினார்கள்.

ஆரம்பித்தது ஆட்டம். ஒலிபெருக்கியும் ஆரம்பித்தது. “தகோராடி ஊரு மருமகன் குடும்பத்தார் சார்பா சோடா நாலு கேஸ்! கடவுள் அவங்கள... டேய் லெஃப்ட்ல குடு, லெஃப்ட்ல! ...ஆசீர்வதிக்கட்டும்!”

வடக்குக் கோலில் நின்ற சுரங்க ஊர் கீப்பர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தான். அராபா அம்மாளின் படம் சந்தையில் எடுத்தது. சொன்ன விலையில் பாதிக்குக் கேட்ட ஒருவரை அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் யாரோ எடுத்துவிட்டார்கள். அதைத்தான் இரண்டு ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தார்கள்.

“ரெஃப்ரி, அந்தம்மா என்னையே பாக்குது!”

“போட்டோப்பா அது.”

“போட்டோதான். என்னையேதான் பாக்குது.”

அப்போது பார்த்து ஒரு கார்னர். பந்து உள்ளே போனபோது அவன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். சார்டீன்ஸுக்கு ஒரு கோல்! மீன் சந்தை மொத்தமும் எழுந்து வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டியது. பித்தளை வாத்தியக்காரர்கள் சோகப் பாட்டை அப்படியே வேகம் கூட்டி வாசித்தார்கள்.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறுவார்கள் என்பதை அளந்தவர் யோசிக்கவில்லை. ஜோஜோ வடக்குக் கோலுக்கு வந்தான். படத்தைப் பார்த்தான். முகம் பேதி கண்டவன் முகமாகிவிட்டது. “அக்கா, இப்பல்லாம் நான் ஒழுங்காத்தான் இருக்கேன்” என்று மெதுவாகச் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் சுரங்க ஊர்க்காரன் எங்கிருந்தோ உதைத்த, கிழவன்கூடப் பிடித்திருக்கக்கூடிய ஒரு பந்து, அவன் கால் இடுக்கில் உருண்டு போய் வலையில் படுத்துக்கொண்டது.

ஒன்றுக்கு ஒன்று. மீதி நேரம் முழுவதும் டாட்ஸி மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையில் அம்மாவின் படத்துச் சட்டத்தின் காலைப் பிடித்துக்கொண்டு. பந்து இரண்டு முறை கம்பத்தில் பட்டது. ஒருமுறை சோற்றுக் குண்டானில் பட்டது. பிறகு விசில். டிரா. ஒரு பாயின்ட். சார்டீன்ஸ் பிழைத்தது. ஆட்டக்காரர்கள் வரிசையாக வந்து மேசைக்கு முன்னால் நடனம் ஆடினார்கள். சந்தைப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். சுரங்க ஊர் கீப்பர் இரண்டு தட்டு ஜொலோஃப் சாப்பிட்டான், படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து. அந்த ஸ்டேடியம் அதற்கு முன் அவ்வளவு நிறைந்ததில்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

“பாத்தியா?” என்றார் தாய்மாமன். “வாடகைக்கு எடுத்ததுனாலதான ரெண்டும் ஒண்ணா நடந்துது. சொந்தமா இருந்தா துக்கத்த உள்ள விட்டுருப்பியா நீ? ஒங்கம்மா ஜெயிச்சுட்டா.”

டாட்ஸியிடம் இதற்குப் பதில் இருந்தது. எப்போதும் இருக்கும்.  அம்மாவின் படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். எதிர்வாதம் சொல்ல ஆள் இல்லாமல் வாதம் செய்து அவருக்குப் பழக்கமில்லை.

வெளிச்சம் குறைந்தது. பந்தல்காரர்கள் கம்புகளைப் பிடுங்கினார்கள். நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறின. படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டி வண்டியில் போட்டார்கள். வடக்குக் கோலுக்குப் பின்னால் ஒரே ஒரு நாற்காலி மிச்சம். அதில் டாட்ஸி.

லமினு சாவியோடு வந்தார். “சார், நேரமாச்சு. பூட்டணும். விடிஞ்சா தீர்க்கதரிசி ஆளுங்க வந்துருவாங்க.”

“கொஞ்ச நேரம் லமினு.”

“என்ன பண்ணப் போறீங்க?”

“ஒண்ணும் இல்ல. சும்மா.”

“சும்மா இருக்கறதுக்கு வாடகை கட்டலியே சார்” என்றார் லமினு. கேலியாகத்தான் சொன்னார். சொன்னவர் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்துகொண்டார். நாற்காலிக்காரப் பையன்கள் லாரியில் ஹாரன் அடித்தார்கள். லமினு கையை உயர்த்தி, பொறு என்று சைகை காட்டினார்.

கடைசியில் எழுந்துதான் ஆக வேண்டும். எழுந்தார். நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார்.

இந்த இனத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். புல், கேலரி, மானம் எல்லாம் சாக்கு. கிளம்பு என்று யாரும் சொல்லாத ஓர் இடம் வேண்டும் இவர்களுக்கு. அப்படியொரு இடத்துக்கு இன்னும் யாரும் பட்டா போடவில்லை.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் விருந்தாளிகள் எல்லோரும் போன பிறகு, மின்விசிறியை நிறுத்திவிட்ட ஒரு மண்டபத்தில், கூட்டுகிறவர்கள் உங்கள் காலைத் தூக்கச் சொல்லும் வரை நீங்கள் உட்கார்ந்திருந்தது உண்டா? போகிற போக்கில் தூணைத் தட்டிப் பார்த்து, ‘நல்ல கட்டடம், நாமே ஒன்று வாங்கிப் போட்டிருக்கலாம்’ என்று நினைத்தது உண்டா? அப்படியானால் செவ்வாய்க்கிழமை சொந்த மைதானக் குழுவின் கூட்டம் இருக்கிறது, வந்துவிடுங்கள். பள்ளிக்கூடத்து அறையில்தான். சீக்கிரம் வாருங்கள், ஏழு மணிக்குக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள்.