சாமி சேவலுக்குக் கால் முக்கிய கதை

மூன்று நாள் பயிற்சி முடித்துவிட்டு வந்தவனிடம் யாரும் பேசி ஜெயிக்க முடியாது. ஆயுசு முழுக்க ஒரு தொழிலில் கிடந்தவர்கூட "இருக்கலாம்" என்று இழுப்பார். மூன்று நாள்காரன் "இல்லவே இல்லை" என்று அடித்துச் சொல்வான். கறிக்கோழி வளர்ப்புச் சான்றிதழைச் சுருட்டிப் பிடித்தபடி கோவில்பட்டியில் புதூர் பஸ் ஏறிய நான், அசல் மூன்று நாள்காரன்.

அதற்கு முன்பு திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தேன். மனைவி செல்வியும் மகளும் ஊரில், மாமனார் வீட்டில். மகளுக்கு மூன்று வயது. என்னைப் போனுக்குள் குடியிருக்கும் ஆள் என்று நினைத்திருந்தாள். நேரில் போய் நின்றால் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு, "நீ போன்ல வா" என்பாள். (கேட்க சிரிப்பாகத்தான் இருக்கும். திரும்பிப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்தால் இருக்காது.) அந்த ஒரு காரணத்துக்காகத்தான் வேலையை விட்டேன்.

மாமனார் தன் உளுந்துக்காட்டின் ஓரத்தில் இடம் கொடுத்தார். கொட்டகை எழும்பியது. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கோழிக் கம்பெனி தரும். வளர்த்துக் கொடுப்பது நம் வேலை. முதல் பேட்ச் ஒழுங்காக வந்தால் அடுத்த குஞ்சு இறக்குவார்கள். சொதப்பினால் மறுபடியும் திருப்பூர்தான்.

பயிற்சியில் சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, நோய் வெளியிலிருந்து காலில் ஒட்டிக்கொண்டு வரும் என்பது. கொட்டகை வாசலில் ஒரு பேசின் வைத்து, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை ஊதா நிறத்தில் கரைத்து ஊற்றினேன். 'வெளியாட்கள் காலை முக்காமல் உள்ளே வரக்கூடாது' என்று நானே பலகையில் எழுதி மாட்டினேன். எழுத்து கொஞ்சம் கோணல். அதிகாரம் நிமிர்ந்து நின்றது.

முதலில் சிக்கியவர் மாமனார். ஒரு கல்யாண வீட்டுக்கு வெள்ளை வேட்டியில் கிளம்பியவர், போகிற வழியில் குஞ்சுகளை எட்டிப் பார்க்க வந்தார்.

"மாமா, காலை முக்குங்க."

"மாப்ள, இது நம்ம காடுதான?"

"அது கிருமிக்குத் தெரியாதுல்லா மாமா."

மனுஷன் செருப்பைக் கழற்றிவிட்டு முக்கினார். பாதமும் வேட்டிக்கரையும் பழுப்பேறிப்போயின. பந்தியில் பெஞ்சுக்கு அடியில் காலை மடக்கியே உட்கார்ந்து சாப்பிட்டாராம்.

இதற்கு நடுவில் செல்வி என்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்திருந்தாள். "பண்ணை நல்லா ஓடட்டும், கோயில் கொடைக்கு இந்தச் சேவலைத் தாரேன்" என்று வீட்டுச் சேவலை முனியசாமிக்கு நேர்ந்துவிட்டாள். நேர்ந்துவிட்ட சேவலை அடிக்கக் கூடாது, அடைக்கவும் கூடாது. அது ஊர்க்குப்பை அத்தனையையும் கிளறித் தின்றுவிட்டு, தீவன வாசம் பிடித்து ஒருநாள் கொட்டகை வாசலில் வந்து நின்றது. நான் கையை ஓங்கினேன்.

"விரட்டாதிய! சாமிக்கு விட்டது" என்று செல்வி ஓடி வந்தாள்.

"ஏட்டி, நோய் வந்துரும்."

"நம்ம பண்ணைக்குன்னு நேந்துவிட்ட சேவல் நோயவா கொண்டாரும்? உள்ள ஒரு சுத்து சுத்திட்டுப் போட்டும். முனியசாமியே வந்து பாத்த மாதிரி இருக்கும்."

ஒரு பக்கம் விஞ்ஞானம், இன்னொரு பக்கம் மனைவி. மூன்று நாள்காரனின் மூளை வேலை செய்தது. சேவலைப் பிடித்து, இரண்டு காலையும் பேசினில் நகம் நனைய முக்கி உள்ளே விட்டேன். சாமி சேவலாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான் என்று செல்வியிடம் பெருமை வேறு. தினமும் காலையில் இது நடந்தது. சேவலுக்கே பழகிப்போய், என்னைப் பார்த்ததும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். முக்கியதும் உள்ளே போய், குஞ்சுகளோடு தின்று, குஞ்சுகளுக்கு நடுவிலேயே கழிந்துவிட்டு வரும்.

சித்திரை வெயில் வந்தது. கறிக்கோழி சூடு தாங்காது. கொட்டகையைச் சுற்றிக் கட்டிய சாக்குகளை நனைத்தேன். ஆர்வக்கோளாறில் உள்ளே தரையில் மெத்தையாகப் பரப்பியிருந்த கடலைத்தொலியிலும் தண்ணீர் தெளித்தேன். தொலி ஊறி, மிதித்தால் சொதசொதத்தது. கோழிகளுக்குக் குளுகுளுவென்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு காலையில் எச்சத்தில் ரத்தம் தெரிந்தது. கோழிகள் இறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் ஒடுங்கி நின்றன. தீவனம் தொடவில்லை. மத்தியானத்துக்குள் சாக ஆரம்பித்தன. சத்தம் போட்டுச் சாகும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை, உட்கார்ந்தபடியே தலை முன்னால் சாய்ந்துவிடும், அவ்வளவுதான். செல்வி உரச்சாக்கில் பொறுக்கிக்கொண்டு வந்தாள். நான் குழி தோண்டினேன். கோடைக் கரிசல் கடப்பாரைக்கும் மசியவில்லை. தோண்டிய குழி சாயங்காலத்துக்குள் போதாமல் போய், பக்கத்தில் இன்னொன்று தோண்டினேன். தூரத்தில் நின்ற மகள், "கோழி தூங்குதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மறுநாள் கம்பெனியிலிருந்து டாக்டரம்மா வந்தார். (சொல்லாமலே காலை முக்கினார். அந்த நிலைமையிலும் எனக்கு அதில் ஒரு திருப்தி.) செத்த கோழி ஒன்றை அறுத்து, குடலைப் பிளந்து காட்டினார். உள்ளே ரத்தம் கட்டிக் கறுத்துக் கிடந்தது.

"ரத்தக் கழிச்சல் அண்ணாச்சி. குடல்ல இருக்க ஒட்டுண்ணி. கண்ணுக்குத் தெரியாது. எச்சத்துல விழும், ஈரத்துல ஊறி வீரியமாவும், அடுத்த கோழி கொத்தித் தின்னும். தொலியில தண்ணி கிண்ணி தெளிச்சீங்களா?"

"லேசா, மேடம்."

"நாட்டுக்கோழி எதும் உள்ள வருதா? அதுக பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா வயித்துல வச்சுக்கிட்டே திரியும்."

"ஈ எறும்பக்கூட விடமாட்டேன் மேடம்" என்றேன்.

மாமனார் தன் பழுப்புக் காலைக் காட்டி, "என்னையவே விடலம்மா" என்று சாட்சி சொன்னார்.

அந்த நேரம் பார்த்துக் கொட்டகைக்குள்ளிருந்து ஒரு கூவல். எல்லாத் தலையும் திரும்பியது. செத்துக் கிடந்த கோழிகளைத் தாண்டித் தாண்டி, முனியசாமியின் சேவல் மாப்பிள்ளை நடை நடந்து வந்தது. நேராக என் முன்னால் நின்றது. பழக்கதோஷத்தில் ஒரு காலைத் தூக்கியது.

"அது... காலை முக்கிட்டுத்தான் மேடம் உள்ள போகும்" என்றேன்.

டாக்டரம்மா சேவலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காலை முக்குனீங்க, சரி. வயித்த எதுல அண்ணாச்சி முக்குனீங்க?"

மாமனார் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தும் முடியாமல், குழிக்குப் பக்கத்தில் நின்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். செல்வி சிரிக்கவில்லை. கையிலிருந்த உரச்சாக்கைக் கீழே போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். எனக்கு அந்தக் குழியிலேயே இறங்கிவிடலாம் போல இருந்தது.

சேவலின் எச்சத்தைக் கொண்டுபோய்ச் சோதித்ததில், அதே ஒட்டுண்ணியோடு நாக்குப்பூச்சியும் அதன் வயிற்றில் குடித்தனம் நடத்துவது தெரிந்தது. சேவலுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. "பாதி சேவல் செஞ்சது, பாதி உங்க தண்ணி செஞ்சது" என்று டாக்டரம்மா போனில் பங்கு பிரித்துக் கொடுத்தார். மருந்து கலக்கியதில் கொஞ்சம் கோழிகள் பிழைத்தன, ஆனால் எடை ஏறவில்லை. கம்பெனி அடுத்த குஞ்சு இறக்கவில்லை. ஆடி பிறக்கும் முன்பு நான் திருப்பூர் பஸ்ஸில் இருந்தேன். மகள் ஜன்னலுக்குக் கீழே நின்று, "போன்ல வருவியா?" என்று கேட்டாள்.

கொடை வந்தது. சேவலை என்ன செய்வது என்று போனில் கேட்டேன். "பண்ணை ஓடுனாத்தான தாரேன்னேன்? ஓடலயே. அது எதுக்குச் சாவணும்?" என்றாள் செல்வி. முனியசாமியும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அத்தனை கோழிகளுக்கென்று கட்டிய கொட்டகையில் இப்போது அது ஒன்று மட்டும் அடைகிறது.

லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் வீட்டு வாசலில் அந்தப் பேசின் இருக்கும். பக்கத்தில் மாமனார் நிற்பார். "மாப்ள, காலை முக்கிட்டு உள்ள வாங்க." தெருவே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே முக்குவேன். வெறும் பச்சைத் தண்ணீர்தான்.

போன தீபாவளிக்கு மாமனார் உடம்புக்கு முடியாமல் கட்டிலில் கிடந்தார். பேசினை மகள் தூக்கிக்கொண்டு வந்தாள். இப்போது இரண்டாம் வகுப்பு, எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். கொட்டகையில் கிடந்த என் பழைய பலகையையும் எடுத்து வந்து வாசலில் சாய்த்து வைத்திருந்தாள். அதில் விரலை வைத்து, "வெளி... யாட்கள்" என்று சத்தமாக வாசித்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "முக்குங்கப்பா" என்றாள்.

உள்ளே கட்டிலிலிருந்து மாமனார் சிரிக்கும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை செல்வியும் சிரித்தாள். நான் பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு காலையும் நன்றாக முக்கிவிட்டு உள்ளே போனேன்.