மூன்று வருடம் சும்மா நிற்கும் பாட்டில்கள்

என் மனைவியின் தம்பியும், மருந்துத் தொழிற்சாலையில் பாட்டில்களுக்குக் காவல் இருப்பவனுமான உனக்கு அத்தான் எழுதுவது. இங்கே நலம் என்று எழுத வழியில்லை. உன் நலம் கேட்கவும் மனமில்லை. உன் அக்கா கேட்கச் சொன்னாள், கேட்டாயிற்று.

உன் அக்கா மகளுக்குப் பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி குறைவு. முகம் தெரியாத ஆயிரம் பேர் கொடுத்த ரத்தப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த அந்த மருந்தை மாதம் ஒருமுறை ஏற்றினால்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம். தவறினால் காய்ச்சல், கட்டில். இந்த மாதம் மருந்துக்கடைக்காரர் ஒன்பது நாளாகக் கையை விரிக்கிறார். பிள்ளை இரும ஆரம்பித்துவிட்டாள். பெற்றவன் என்ன செய்வான்? உன்னிடம் ஓடி வந்தேன். வந்தால், அலமாரி அலமாரியாக அதே மருந்து! ஒன்றில் குளிர், ஒன்றில் அறைச்சூடு, மூன்றாவதில் நாற்பது டிகிரி. உள்ளே பாட்டில்கள் வரிசையாக வெந்துகொண்டிருக்கின்றன.

"தொடாதீங்க அத்தான், அது சோதனைக்கு" என்றாய்.

"எவ்வளவு நாளா நிக்குது?"

"குளிர்ல இருக்கறது ரெண்டரை வருஷமா, மொத்தம் மூணு வருஷம் நிக்கணும். மூணு மாசத்துக்கு ஒருதரம் ரெண்டைத் திறந்து, கலங்கியிருக்கா, திரிஞ்சிருக்கான்னு பார்ப்போம்."

"கலங்கியிருக்கா?"

"இல்லையே, அப்படியே இருக்கு."

"அப்புறம்?"

"அப்படியே இருக்குன்னு எழுதிவைப்போம்."

இதற்கா உன்னை முதுகலை வரை படிக்கவைத்தார்கள்? ஒன்றும் ஆகவில்லை என்று எழுத ஒரு ஆள், அதைச் சரிபார்க்க இன்னொரு ஆள், இரண்டு பேருக்கும் வெள்ளைக் கோட்டு! ஒரே ஒரு பாட்டில் கேட்டேன். "ஒண்ணு குறைஞ்சாலும் மொத்தச் சோதனையும் வீண்" என்று சொல்லி, மாமன்காரன் நீ என்னை வாசல்வரை வந்து வழியனுப்பினாய். அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன்.

ஆனாலும் பெரியவன் நான், சபிக்கக்கூடாது. நன்றாக இரு. உன் பாட்டில்களும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கொதித்துப்போயிருக்கும் அத்தான்

பி.கு.: இதை எழுதிக்கொண்டிருந்தபோதே கடையிலிருந்து மருந்து வந்துவிட்டது. ஆத்திரத்தில் என்ன பெட்டி என்றுகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கி, ஃபிரிட்ஜில் வைக்காமல் மேஜையிலேயே விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து, கடைக்காரர் சொல்லி ஊசி போட நர்ஸ் வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. மருந்துக்கடைக்காரருக்கு ஃபோன் போட்டு அழாத குறை.

"ரூம்ல எத்தனை டிகிரி?" என்றார்.

"இருபத்திரண்டு."

"பதறாதீங்க. இருபத்தஞ்சு தாண்டாம ஆறு மாசம் வெளியில இருக்கலாம்னு பெட்டிக்குள்ள இருக்கற சீட்டுலயே போட்டிருக்கு."

"அது எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றாங்க?"

"யாரோ வருஷக்கணக்கா வச்சுப் பார்த்திருக்காங்க சார்."

மருந்து ஏறிவிட்டது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்கிறாள். கடிதத்தைக் கிழிக்கலாம் என்றுதான் பார்த்தேன்; இரண்டு நாள் கோபம் வீணாகிவிடுமே என்று அனுப்புகிறேன். படித்ததும் நீயே கிழித்துவிடு. அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.