கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கிளைப் பாதை

"டோக்கன் எங்க சார்?" என்று டிரைவர் மறுபடி கேட்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். கிளை ரயில் பாதையின் நூறாண்டு வரலாறு அதற்குள் நிம்மதியாகப் படுத்திருந்தது: முதல் டிக்கெட், ஒரு கைவிளக்கு, பித்தளை டோக்கன். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் அந்த டோக்கன் டிரைவர் கையில் இல்லாமல் வண்டி ஓரடி நகரக் கூடாது. நேற்று கடைசி வண்டி திரும்பியதும், கண்காட்சிக்கு அழகு சேரட்டும் என்று மாஸ்டர் அதையும் உள்ளே வைத்து மூடியிருந்தார். பூட்டு தானாகப் பூட்டிக்கொண்டது.

"சாவி?"

"பெட்டி செஞ்ச தச்சர் பையில."

"அவர் எங்க?"

"உங்க வண்டி போற ஊர்ல."

"பிரமாதம்" என்று டிரைவர் எஞ்சினிலிருந்து இறங்கிப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தார்.

ஆளில்லாத பாதையை மூடிவிடலாமா என்று பார்க்க அன்றைக்கு மேலிடத்து ஆபீசர் வருகிறார். வண்டியில் ஏறுவது தினமும் ஏழு பேர். பழைய பெருமையைக் காட்டியாவது அவர் மனதை இளக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதையும் போகும், மாஸ்டர் குடியிருக்கும் ஸ்டேஷன் வீடும் போகும்.

"மைக்ல கேட்டுடவா சார்?" என்றாள் டிக்கெட் கிளார்க்.

"கேளும்மா. ஆனா மெதுவா."

"சின்னப் பூட்டுச் சாவி வச்சிருக்கிறவங்க உடனே ஸ்டேஷனுக்கு வரவும்!" நான்கு தெருவுக்குக் கேட்டது.

சாவிக்கொத்துகளோடு ஆட்கள் வந்தார்கள். வெயில் ஏறியதால், முறை வரும்வரை நிழலுக்கு அந்த ஒற்றைப் பெட்டி வண்டிக்குள் போய் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டாவது ஆளின் சாவி பூட்டுக்குள்ளேயே முறிந்தது.

"யோவ், என்னய்யா பண்ணின?"

"நான் எங்க பண்ணினேன்? பூட்டுதான் பிடிச்சு வச்சிருக்கு!"

இந்தச் சண்டையைப் பார்க்க இன்னும் ஐம்பது பேர் வந்தார்கள். அவர்களுக்கும் வெயில் சுட்டது; வண்டி நிரம்பியது.

மணி பத்தரை. ஆபீசர் வரும் நேரம். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு சுத்தியலை ஓங்கினார். வரலாறு சில்லுச் சில்லாகச் சிதறியது. டோக்கனை எடுத்துக்கொண்டு அவர் ஓட, ஃபைலை அணைத்தபடி ஒருவர் வண்டியிலிருந்து பிதுங்கி இறங்கினார்.

"நான் ஆபீசரோட உதவியாளர் சார்."

மாஸ்டர் சட்டையில் ஒட்டிய கண்ணாடிச் சில்லைத் தட்டிவிட்டார். "ஐயா... எப்ப வந்தார்?"

"ஜீப்ல வந்து அரை மணி நேரமாச்சு. வண்டிக்குள்ளதான் இருக்கார்."

"என்ன எழுதினார்?"

"பாதையை மூட வேண்டாம்னுதான் சார், உட்கார இடம் கிடைக்காம நின்னுக்கிட்டே எழுதினார்."