நெடுந்துறையின் முதலாளிகள்

மூன்று பக்கம் கடலும் ஒரு பக்கம் மலையுமாகத் திரைநாடு என்றொரு நாடு இருந்தது. அதன் அரண்மனையைக் கடலுக்கு முதுகு காட்டிக் கட்டியிருந்தார்கள். மீன் வாடையும் வியர்வை வாடையும் பேரரசரின் சிந்தனையைக் கலைத்துவிடக் கூடாதல்லவா? ஆனால் அந்த அரண்மனையில் உண்பது, உடுப்பது, விளக்கில் எரிவது எல்லாமே கடல் வழியாகத்தான் வந்தன. நெடுந்துறைத் துறைமுகத்தில் கப்பல்கள் வந்து நிற்கும். அவற்றின் வயிற்றிலிருந்து மூட்டைகளைக் கரையேற்றுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். அந்த ஆட்களுக்கு ஒரு சங்கம் இருந்தது.

பெரிய சங்கம் என்று சொல்ல முடியாது. ஓட்டுக் கூரை, நாலு பெஞ்சு, ஒரு தண்ணீர்ப் பானை. என்றாலும் மழை பெய்தால் சரக்கு இறக்கக் கூடாது என்று அந்தச் சங்கம் சொன்னால் பாரந்தூக்கியின் கை அந்தரத்தில் நின்றுவிடும். நைந்த கயிற்றைக் கப்பலுக்குள் கொண்டுபோக விடாது. அடிபட்டு விழுந்தவன் எழுந்து நடக்கும்வரை அவன் வீட்டு அடுப்பு எரிவதையும் அது பார்த்துக்கொண்டது.

மாசானம் அங்கே கப்பலின் அடித்தளத்தில் வேலை பார்த்தான். மூட்டைகளை அடுக்கிக் கயிற்றால் சுற்றிக் கட்டி, மேலிருந்து இறங்கும் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். இதற்கு இரண்டு ஆள் தேவை. மாசானத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று கட்டியவன் லாசர். இருவரும் ஒரே வயது, ஒரே தெரு. கல்யாணமும் ஒரே மாதத்தில் நடந்தது. லாசர் ஓயாமல் பேசுவான். மாசானம் தேவைக்கு மேல் வாயைத் திறக்க மாட்டான்.

ஒரு காலைப் பொழுதில் துறைமுக மந்திரி அலங்காரநாதர் பல்லக்கில் வந்து இறங்கினார். மேடை போட்டிருந்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நெடுந்துறைப் பெருமக்களே! பேரரசர் நேற்று உங்களைப் பற்றிச் சிந்தித்தார். சிந்தித்தபோது அவர் கண்கள் கலங்கின. தம் ஆட்சியில் இன்னமும் தொழிலாளி என்ற இழிபெயரோடு மனிதர்கள் வாழ்வதை அவரால் பொறுக்க இயலவில்லை. ஆகவே இன்று முதல் திரைநாட்டில் தொழிலாளி என்று எவரும் இல்லை. நீங்கள் ஒவ்வொருவரும் முதலாளி!"

கைதட்டச் சொன்னார்கள். தட்டினார்கள். முன்வரிசையில் நின்ற மாசானத்தை மேடைக்கு அழைத்து, நாட்டின் முதல் முதலாளி என்று அறிவித்து மாலை போட்டார் மந்திரி. இத்தனை காலம் மூட்டை மட்டுமே ஏறிய கழுத்தில் மாலை விழுந்ததும் மாசானத்துக்கு உடம்பு சிலிர்த்தது. கீழே நின்ற முகங்கள் எல்லாம் தன்னையே பார்ப்பது போலிருந்தது. அது பொய்யென்று சொல்வதற்கில்லை. அவன் உண்மையிலேயே மகிழ்ந்தான்.

"முதலாளி, இந்தப் பக்கக் கயித்தக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கியளா?" என்று அன்றைக்கு முழுவதும் லாசர் கேலி செய்தான். மாசானம் சிரித்துக்கொண்டே பிடித்தான்.

முதலாளிகளுக்குத் தொழிலாளர் சங்கம் எதற்கு என்று மறுவாரம் ஓர் ஆணை வந்தது. சங்கக் கட்டடத்தின் மேல் 'முதலாளிகள் ஓய்வகம்' என்று பலகை மாட்டிப் பூட்டினார்கள். சாவி மந்திரியிடம் இருந்தது. பிறகு, முதலாளி தன் தொழில் நேரத்தைத் தானே தீர்மானிப்பவன் என்பதால், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லும் சங்கு தேவையில்லை என ஊதுவதை நிறுத்தினார்கள். கப்பல் காலியாகும்வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மழைக்கும் இதே நியாயம்தான். நனைவதும் நனையாததும் முதலாளியின் விருப்பம். நனைய விரும்பாத முதலாளிக்கு அடுத்த கப்பலில் இடமில்லை. கடைசியாக, தொழிலுக்கான கருவியை முதலாளியே வாங்கிக்கொள்வதுதான் உலக வழக்கம் என்று மந்திரி விளக்கியபோது, துறைமுகம் கொடுத்துவந்த கயிறும் நின்றுபோனது.

கையிலிருந்த கயிற்றையே முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு ஓட்டினார்கள். மாசானம் தன் கயிற்றுக்கு எண்ணெய் தடவுவான். லாசர் தன் கயிற்றைப் பார்த்து, "நம்ம ஆயுசுக்கு இது தாங்கும்ல" என்பான்.

தாங்கவில்லை. கோதுமைக் கப்பல் ஒன்றில் மழைக்கு நடுவே வேலை நடந்தபோது, மேலே போன சரக்கின் கயிறு அறுந்து மூட்டைகள் கொத்தாக விழுந்தன. மாசானம் விலகிவிட்டான். லாசரின் வலது கால் அடியில் மாட்டிக்கொண்டது.

சிந்திய தானியத்தைக் கூட்டி அள்ளும் பெண்கள் அப்போது அடித்தளத்தின் மூலையில் இருந்தார்கள். அவர்களில் மூத்தவளான சீனியம்மாதான் முதலில் ஓடிவந்தாள். முந்தானையைக் கிழித்து லாசரின் தொடையில் இறுக்கிக் கட்டினாள். "மசமசன்னு நிக்கியே, மூட்டையப் பொரட்டு!" என்று அவள் போட்ட சத்தத்தில்தான் மாசானத்துக்குக் கைகால் வந்தது.

துறைமுக மருத்துவசாலை தொழிலாளர்களுக்கு மட்டுமே உரியது. நாட்டில் தொழிலாளி எவரும் இல்லாததால் அதை மூடியிருந்தார்கள். லாசரைப் பலகையில் கிடத்தி ஊருக்குள் இருந்த வைத்தியரிடம் தூக்கிப் போனார்கள். உயிர் நின்றது. கால் போய்விட்டது.

கொட்டிப்போன கோதுமைக்கு யார் பொறுப்பு என்று விசாரணை வைத்தார் மந்திரி. அதற்கு முன்பாக மாசானத்தைத் தனியே அழைத்து உட்காரச் சொன்னார்.

"முதலாளி மாசானம் அவர்களே, கட்டு சரியில்லை, லாசர் கவனக்குறைவாகக் கட்டினார் என்று நீங்கள் ஒரு வாக்கியம் சொன்னால் போதுமானது. பேரரசர் மூத்த முதலாளி என்றொரு பதவியை உருவாக்க எண்ணியிருக்கிறார். அந்தப் பதவிக்கு நிழலில் ஒரு நாற்காலி உண்டு."

மாசானம் எழுந்து நேராக லாசர் வீட்டுக்குப் போனான். வெட்டுப்பட்ட காலில் தடிமனாகச் சுற்றிய துணியோடு லாசர் சுவரில் சாய்ந்திருந்தான். மந்திரி சொன்னதை மாசானம் மறைக்காமல் சொன்னான்.

லாசர் துணியின் முடிச்சை இழுத்து இறுக்கினான். பிறகு சொன்னான்: "சொல்லிட்டுப் போலே. என் காலு திரும்பியா வரப்போவுது? உனக்காவது நெழல்ல உக்கார ஒரு இடம் கெடைக்கும்லா."

அவன் கோபத்தில் சொல்லியிருந்தால் மாசானத்தால் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும். மனசாரத்தான் சொன்னான். மாசானம் தெருவில் இறங்கி நடந்தபோது, மாலை விழுந்த இடத்தில் கழுத்து அரிப்பது போலிருந்தது.

விசாரணையில் அவன் சொன்னது இவ்வளவுதான்: "கட்டு அவிழல, ஐயா. கயிறு அறுந்துது."

மந்திரியின் முகம் மாறவில்லை. "கயிறு யாருடையது?"

"லாசருக்குள்ளது."

"ஆக, முதலாளி லாசரின் கயிறு அறுந்து அரண்மனைக் கோதுமை பாழாயிற்று. நஷ்டம் அவரைச் சேரும். அவர் வீடு அரசுடைமை ஆகட்டும்."

உண்மையைச் சொன்னாலும் பொய்யைச் சொன்னாலும் லாசரின் தலையில்தான் விடியும் என்பது மாசானத்துக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தான். போகவில்லை.

"ஐயா, நானும் முதலாளிதானா?"

"அதிலென்ன சந்தேகம்? முதல் முதலாளியே நீங்கள்தானே!"

"அப்ப நாளைக்கு நான் கடை தொறக்கல."

மண்டபத்தின் பின்னாலிருந்து யாரோ, "நானும் தொறக்கல" என்றார்கள். அப்புறம் இன்னொரு குரல். பிறகு எந்தக் குரல் யாருடையது என்று பிரித்தறிய முடியவில்லை.

மறுநாள் நெடுந்துறையில் கடற்காக்கைகள் மட்டும்தான் வேலை பார்த்தன. மந்திரிசபை கூடி வேலைநிறுத்தத் தடைச் சட்டத்தை எடுத்துப் பார்த்தது. அது தொழிலாளிகளைத்தான் தடுத்தது. முதலாளி தன் கடையைப் பூட்டினால் தண்டிப்பதற்கு எந்தச் சட்டமும் இல்லை. "நாம் கொடுத்த கௌரவத்தை இவர்கள் இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கவில்லை" என்று வருந்தினார் அலங்காரநாதர். வருந்திக்கொண்டே, தானியம் கூட்டுகிற பெண்களின் குடிசைப் பக்கம் பல்லக்கை விடச் சொன்னார்.

அன்று சாயங்காலம் சீனியம்மா மாசானத்தின் வாசலுக்கு வந்தாள். உள்ளே அழைத்தும் வரவில்லை.

"மந்திரி வந்துட்டுப் போறாரு. ஆம்பளைய வேலைய எங்களுக்குத் தாறாராம். ஆம்பளைய கூலியும் தாறாராம். நாளைக்கே ஏறுங்கன்னாரு."

மாசானம் வாசலுக்கு இறங்கி வந்தான். "நீங்க என்ன சொன்னிய?"

"கேட்டுட்டு வாறோம்னேன். அன்னைக்கு நாங்க சங்கத்துல சேரணும்னு வந்து நின்னோமே, நெனப்பிருக்கா? பெருக்குறதெல்லாம் ஒரு வேலையான்னு சிரிச்சிய. நீயும் அந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருந்த. நீ சிரிக்கல. ஆனா வாயும் தொறக்கல."

தெருவில் யாரோ கோழியை விரட்டும் சத்தம் கேட்டது.

"இப்ப சேத்துக்கிடுதோம், அக்கா" என்றான் மெதுவாக.

சீனியம்மா சிரித்தேவிட்டாள். "எதுல சேப்ப? சங்கத்தத்தான் பூட்டிப்புட்டானுவளே. பூட்டுன சங்கத்துக்கு வெளிய எல்லாரும் ஒண்ணாத்தான நிக்கோம்? நா லாசரு தொடையில துணி கட்டுனவ. அந்தக் கப்பல்ல ஏறி, அவன் நின்ன எடத்துல நின்னு, அதே அறுந்த கயித்தப் புடிக்க எனக்கென்ன கிறுக்கா? நாங்க போவல. அதச் சொல்லத்தான் வந்தேன். நீ கேக்கணும்னுதான் முன்னாடி பழசச் சொன்னேன்."

போய்விட்டாள். மாசானம் வாசலிலேயே நின்றான். இத்தனை வருஷம் அந்த அடித்தளத்தில் அவளோடு இருந்திருக்கிறோம், அவளுக்குப் பிள்ளைகள் உண்டா என்றுகூடத் தெரியாது என்ற நினைப்பு அவனைக் குடைந்தது.

நாட்கள் ஓடின. துறையில் கப்பல்கள் வரிசைகட்டின. நெடுந்துறை வீடுகளில் கஞ்சி தண்ணீராகிக்கொண்டே வந்தது. ஆனால் அரண்மனை விளக்குகளுக்கு எண்ணெய் தீர்ந்த அன்றுதான் நாட்டில் பஞ்சம் என்று அறிவித்தார்கள். இருட்டில் உட்கார்ந்து சிந்தித்த பேரரசர் புதிய ஆணையில் கையெழுத்திட்டார்: திரைநாட்டில் தொழிலாளிகள் இருக்கிறார்கள், அவர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள், அவர்களைக் கைது செய்க.

கோட்டைக் காவல் தலைவர் படையோடு துறைமுகத்துக்கு வந்து ஆணையை உரக்க வாசித்தார். 'தொழிலாளிகள்' என்ற சொல் வந்ததும் கூட்டம் ஆரவாரம் செய்தது. அவருக்கு விளங்கவில்லை. மறுபடி வாசித்தார். மறுபடியும் ஆரவாரம். தான் படிப்பது கைது ஆணைதானா என்று தாளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

ஆண்களை வண்டியில் ஏற்றினார்கள். சீனியம்மாவும் பெண்களும் பின்னாலேயே வந்து ஏறப் போனபோது காவல் தலைவர் தடுத்தார்.

"நீங்கள் விலகுங்கள். கூட்டுபவர்கள் தொழிலாளிக் கணக்கில் வர மாட்டார்கள்."

பெண்கள் நின்றுவிட்டார்கள். வண்டியில் இருந்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாசானம் வண்டியிலிருந்து கீழே குதித்தான். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

"வருவாங்கய்யா. அவங்க எங்க சங்கம். அவங்கள ஏத்தலன்னா நாங்களும் எறங்கிக்கிடுதோம்."

கைதாக மாட்டோம் என்று அடம்பிடிப்பவர்களைக் காவல் தலைவர் பார்த்திருக்கிறார். விட்டுவைக்கிறேன் என்றாலும் ஏறுவோம் என்பவர்களை அன்றைக்குத்தான் பார்த்தார். அலுத்துப்போய், "எல்லோரும் ஏறுங்கள்" என்றார்.

சிறையில் அடைத்த பிறகுதான் மந்திரிசபைக்கு அடுத்த சிக்கல் தெரிந்தது. கப்பலை இறக்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் பத்திரமாகச் சிறையில் இருந்தார்கள். படைவீரர்களை இறக்கச் சொன்னார்கள்; மூட்டைகள் பாதி கடலில் விழுந்தன. சில வாரங்களில் பேரரசர் கருணை கொண்டார். சங்கத்தின் பூட்டைத் திறந்தார்கள். கயிறு துறைமுகத்தின் பொறுப்பு, மழையில் வேலை இல்லை, மருத்துவசாலை திறக்கும், லாசரின் வீடு லாசருக்கே என்றெல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். அலங்காரநாதரின் தோல்வியைப் பாராட்டி அவருக்கு இன்னும் பெரிய இலாகா கொடுத்தார்கள்.

விடுதலையான அன்று மாசானமும் சீனியம்மாவும் லாசரைப் பார்க்க ஒரு வாடகை வண்டியில் ஏறினார்கள். ஓட்டியவன் இளவட்டம். கண்கள் சிவந்திருந்தன. வண்டி ஓடும்போதே இரண்டு தரம் தலை தொங்கிவிட்டது.

"தூங்கலியா, தம்பி?" என்றாள் சீனியம்மா.

"தூங்கலாம்க்கா. எங்களுக்கு நேரங்காலம் கெடையாது. நாங்க இப்ப வண்டிக்காரங்க இல்லலா. பங்காளருங்க. எங்களுக்குப் புதுசா வந்த மந்திரி அலங்காரநாதரு சொல்லிட்டுப் போனாரு. வண்டி எங்களுக்குள்ளது, மாடு எங்களுக்குள்ளது. மாடு விழுந்தா நஷ்டமும் எங்களுக்குள்ளதுதான்." அவன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். "எனக்கு மால போட்டாரு."

சீனியம்மா மாசானத்தைப் பார்த்தாள். அவன் தேவைக்கு மேல் பேசாதவன். இப்போது குனிந்து வண்டிக்காரனின் தோளைத் தொட்டான்.

"வண்டிய ஓரமா நிறுத்து, தம்பி. ஒன்ன மாரி எத்தன பேரு இந்த ஊருல ஓட்டுதாங்க?"

"நெறைய பேரு இருப்பாங்க, அண்ணாச்சி."

"அவங்க பேரு தெரியுமா?"

வண்டிக்காரன் யோசித்தான். எதிரே ஒரு வண்டி வந்துகொண்டிருந்தது. ஓட்டியவனின் தலை தொங்கியிருந்தது. தினமும் இந்தச் சாலையில் எதிர்ப்படுகிற முகம்.

"தெரியாதே" என்றான்.

"கேளு" என்றான் மாசானம்.