மீட்டர் அக்காவும் முறுக்கு மெஷினும்

வோல்ட் என்பது சம்பளம் மாதிரி, கூடக் கூட நல்லது என்று நம்பியிருந்த மடையன் நான். அந்த அறிவை வைத்துக்கொண்டே இயந்திரம் விற்றுப் பிழைத்தேன் என்றால், அது இந்த ஊரின் பெருந்தன்மை.

சிங்கப்பூரிலேயே கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் நம்பாமல் வாழ்ந்த ஒரே மனுஷி மீட்டர் அக்காதான். பூன் லேயில் எங்கள் பட்டறையின் கன்ட்ரோல் எஞ்சினியர். கழுத்தில் தாலிக்கொடி, அதன்மேல் மின்சாரம் அளக்கிற மல்டிமீட்டர். தேக்கா கடைத்தெருவில் பேட்டரி வாங்கினால், அளந்து பார்த்த பிறகுதான் கைப்பையைத் திறப்பார். அவர் தலை தெரிந்ததும் கடைக்காரர்கள் பழைய ஸ்டாக்கை உள்ளே தள்ளுவார்கள் என்று கேள்வி.

மனிதர்களையும் அளப்பார். மீட்டரின் இரண்டு முனைகளையும் விரல்களில் பிடிக்கச் சொல்வார். பொய் சொன்னால் கை வேர்க்கும், வேர்த்தால் எண் இறங்கும். கேக்கின் கடைசித் துண்டைத் தின்றது யார் என்ற விசாரணையில் எங்கள் முதலாளியே மாட்டிக்கொண்டார்.

ஒரு தீபாவளிச் சமயம், தேக்காவில் முறுக்குக் கடை வைத்திருந்த பெரியவருக்கு நான் மெஷின் விற்றிருந்தேன். மேலே அச்சு மாவைப் பிழியும். கீழே இரண்டு சர்வோ மோட்டார்கள் தட்டைச் சுழற்றி நகர்த்தும். என் பேச்சை நம்பி அவர் பாதித் தீவுக்கு ஆர்டர் எடுத்துவிட்டார். மெஷின் ஓடாவிட்டால் அவருக்குத் தீபாவளி இல்லை, எனக்கு வேலை இல்லை. அக்காவோ தங்கை மகள் கல்யாணத்துக்கு லீவில் இருந்தார். நாலு வயர்தானே என்று பட்டறையில் பெரியவரை வைத்துக்கொண்டு நானே மாட்டினேன்.

மெஷின் முறுக்கைத் தவிர எல்லாம் பிழிந்தது. ஒன்று கேள்விக்குறி, ஒன்று கம்பளிப்பூச்சி. இன்னொன்று மலேசியா வரைபடம் என்று பெரியவரே அடையாளம் காட்டினார்.

காரணம் தேடினேன். கட்டளை கொடுக்கிற போர்டிலிருந்து மோட்டாரை ஓட்டுகிற டிரைவுக்குப் போகும் சிக்னல் ஐந்து வோல்ட். டிரைவின் லேபிளிலோ இருபத்துநாலு. எனக்குப் பளிச்சென்று புரிந்தது, போர்டுக்குச் சம்பள உயர்வு வேண்டும். இருபத்துநாலு வோல்ட் வயரை அதன் வாயிலேயே சொருகினேன். ஊதுபத்தி அளவுக்குப் புகை வந்தது. கைவசம் இன்னும் ஒரே ஒரு போர்டு.

போன் போட்டேன். கல்யாணப் பந்தியிலிருந்து பட்டுப்புடவையும் மீட்டருமாக அக்கா வந்து இறங்கினார்.

“ஒழுங்காத்தான் மாட்டினேன்க்கா. போர்டு தானாவே போயிடுச்சு.”

அக்கா மீட்டரின் இரண்டு முனைகளையும் நீட்டினார். பிடித்தேன். எண் டுரியான் பழம் மாதிரி பொத்தென்று விழுந்தது.

“இருபத்துநாலு குடுத்தியா?”

“கொஞ்ச நேரந்தான்க்கா.”

“போர்டு கிசுகிசுக்குது, டிரைவுக்குக் காது மந்தம். அதுக்காக கிசுகிசுக்கிறவன் தொண்டையில மைக்கைத் திணிப்பாங்களா? செத்துடுவான்லா. நடுவுல ஒருத்தன் நின்னு, இங்க கேட்டதை அங்க கத்திச் சொல்லணும்.”

அந்த நடு ஆள் கட்டைவிரல் அகலத்தில் ஒரு கன்வர்ட்டர். டிராயரிலிருந்து நான் எடுத்துக் கொடுத்ததை அக்கா தூக்கிப் போட்டார். இது சோம்பேறியாம், ஒரு வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் ஆயிரம் வந்து நிற்குமாம். தன் பையிலிருந்து வேறொன்றை எடுத்து, மிச்சமிருந்த போர்டோடு சேர்த்து மாட்டினார். உள்ளே போவதை அளந்தார், ஐந்து. வெளியே வருவதை அளந்தார், இருபத்துநாலு. மறுபடியும் அளந்தார். பெரியவர் சன்னதியில் நிற்பதுபோல் கைகட்டி நின்றார்.

பொத்தானை அழுத்தினார். மாவு இறங்கியது. ஒரு சுற்று, அதை ஒட்டி அடுத்த சுற்று, கோடு விலகாமல் ஒரு முழு முறுக்கு தட்டில் வந்து உட்கார்ந்தது. அடுத்ததும் அதன் இரட்டைப் பிறவி. “என் கையே இப்படிச் சுத்தாதும்மா” என்றார் பெரியவர். அக்கா பாயசத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்.

ஒரு போர்டு எப்படிப் போச்சு என்று முதலாளி பிறகு என் எதிரிலேயே கேட்டார். அதுக்கு ஆயுசு அவ்வளவுதான் என்று அக்கா சொல்லிவிட்டார். அப்போது அவர் கை மீட்டரின் பக்கமே போகவில்லை என்பதைக் கவனித்தேன்.

இப்போது நான் வேறு இடத்தில் வேலை பார்க்கிறேன். போன தீபாவளிக்கு அதே கடை முறுக்கை அவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, “உங்களை நெனைக்காத நாளே இல்லக்கா” என்று மெசேஜ் போட்டேன்.

பதில் உடனே வந்தது.

“மீட்டரைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லு.”