தமண்டானியின் நிச்சயத்துக்கு ஒரு கோழி

பாசமும் மரியாதையும் நிறைந்த எஸ்நாட் அக்காவுக்கு,

சிகொண்டியிலிருந்து தம்பி வைசன் எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் நலம். ஜொகன்னஸ்பர்க்கில் நீயும் உன் முதலாளியம்மாவும் சண்டையில்லாமல் இருக்க ஆண்டவர் அருள்வாராக. முதலில் நல்ல சேதி: உன் மகள் தமண்டானிக்கு நிச்சயம் முடிந்துவிட்டது. மீதியை உட்கார்ந்துகொண்டு படி.

மலாவிக்குச் சேவை செய்ய அமெரிக்காவிலிருந்து ஒரு சபையின் பிள்ளைகள் வந்து, நம் கோயிலுக்கு வெள்ளையடித்தார்கள். சுவரைவிட அவர்கள் மூக்கில்தான் சுண்ணாம்பு அதிகம். ஆனாலும் தங்கமான பிள்ளைகள். போன மாதம் கோழிச்சாவு வந்து ஊரையே துடைத்துப் போட்டதில் மிஞ்சியது இரண்டே கோழி. ஒன்று நல்ல பெட்டை, நிச்சயத்தில் மாப்பிள்ளை வீட்டுச் சேவலுக்கு மாற்றாக வைக்க அதை நான் ஒளித்து வைத்தேன். இன்னொன்று இளசு, அதை நம் சபைப் பெண்கள் விருந்தாளிகளுக்கு மரியாதையாகக் கொடுத்தார்கள், ராத்திரியே குழம்பாகிவிடும் என்ற நம்பிக்கையில். அவர்களோ அதற்குப் பெயர் வைத்து, பிஸ்கட் ஊட்டி, கட்டிலடியில் படுக்கவைத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை, தாய்மாமன் என்ற மிடுக்கோடு என் கோழியின் காலைக் கட்டிக் கோயில் சுவரோரம் போட்டுவிட்டு, கோட்டு மாட்டப் போனேன். கோட்டுப் பொத்தானும் என் வயிறும் சமாதானமாவதற்குள், அந்தப் பிள்ளைகளில் கெய்ட்லின் என்றொரு இளகிய மனசுக்காரி கோழியைப் பார்த்து அழுது, கயிற்றை அறுத்து, முத்தம் கொடுத்து, சோளக்காட்டுக்குள் விட்டுவிட்டாள்.

இது தெரியாமல் நான் மாமரத்தடிப் பாயில் போய்க் கம்பீரமாக உட்கார்ந்தேன். மாப்பிள்ளை லிம்பானியின் தாய்மாமன் கச்சாலே, தண்ணீரிலும் உப்புக் குறை சொல்கிறவர், தன் சேவலை இறக்கிவிட்டார்.

"எங்க சேவல் தனியா அலையுது. உங்க வீட்டுல ஒரு கோழி இருக்குன்னு கேள்விப்பட்டு வந்திருக்கோம்."

திரும்பிப் பார்க்கிறேன், சுவரோரம் கயிறுதான் கிடக்கிறது. கோழியை வைக்காவிட்டால் பெண் தரமாட்டோம் என்றல்லவா அர்த்தம்? எழுந்து போய்விடுவார்களே! தமண்டானி முக்காட்டுக்குள்ளிருந்து, "மாமா, கோழி எங்க?" என்கிறாள், அழுகையை அடக்கிக்கொண்டு.

"கோட்டுக்குள்ள வச்சிருக்காரு போல. வயித்தப் பாத்தா தெரியலையா?" என்றார் கச்சாலே. அவர் பக்கத்தில் ஒரே சிரிப்பு.

கோயில் பின்னால் ஓடினேன். கெய்ட்லின் பெருமையோடு, "விடுதலை பண்ணிட்டேன்!" என்றாள்.

"அடி என் தாயே, நீ விடுதலை பண்ணது கோழிய இல்ல, எங்க வீட்டு மாப்பிள்ளைய!"

விஷயத்தைச் சொன்னதும் அலறிக்கொண்டு ஓடிப்போய்த் கட்டிலடியிலிருந்த தன் செல்லக் கோழியைத் தூக்கி வந்தாள். விருந்தாளிக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்குவது வெட்கக்கேடு. பெண் வீட்டார் மட்டும்தான் கோழி வைக்கலாம். ஆகவே, அக்கா, கோபித்துக்கொள்ளாதே, அவளை உன் தங்கையாக்கிவிட்டேன். நம் பாயில் உட்காரவைத்து, அவள் கையாலேயே கோழியை வைக்கச் சொன்னேன்.

"இந்தத் தங்கச்சி எப்ப பொறந்தா?" என்றார் கச்சாலே.

"வெயில் படாம வளத்தோம், சம்பந்தி."

அவர் கோழியை வாங்கிக்கொண்டார். குலவைச் சத்தத்தில்தான் எனக்கு மூச்சே வந்தது. கெய்ட்லின் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதாள். சித்தி என்றால் அப்படித்தான்.

ஆண்டவர் உன்னையும் உன் கைவேலையையும் ஆசீர்வதிப்பாராக. வீட்டில் எல்லாரும் உன்னைக் கேட்டதாகச் சொன்னார்கள்.

அன்புத் தம்பி,
வைசன்

பி.கு.: கடிதத்தை பஸ்ஸில் கொடுக்கக் கிளம்பும்போது கச்சாலே வந்து நின்றார், கக்கத்தில் அதே கோழி. "இன்னிக்கு விடியக்காலைல இது கூவிச்சு" என்றார். அவசரத்தில் யார் கொண்டையைப் பார்த்தது? அவரே சொன்னார்: "சேவலுக்குச் சேவல் மாத்திக்கிட்டோமே சம்பந்தி, முறைப்படி பாத்தா பிள்ளைங்க இல்ல, நீயும் நானும்ல நிச்சயம் ஆயிருக்கோம்!" சொல்லிவிட்டுச் சிரித்தார் பார், வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அதனால் பிழைத்தோம். மேலே 'முடிந்துவிட்டது' என்று எழுதியதை அடித்துவிடு. வருகிற சனிக்கிழமை மறுபடி நிச்சயம். சோளக்காட்டுக்குள் போனது இன்னும் திரும்பவில்லை, அதனால் அங்கிருந்து ஒரு கோழி அனுப்பு. முட்டையிடுவதை உன் கண்ணால் பார்த்த பிறகு.