மூன்றாம் மாடிச் செத்த அண்ணை

உலகத்திலேயே ஆகக்கூடின தடவை செத்த மனுசன் ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில், எங்கள் வீட்டுக்கு மேலே, மூன்றாம் மாடியில்தான் இருக்கிறார். நல்ல சுகத்தோடு.

ஆள் அமெரிக்கர். தொழில் நடிப்பு. அமெரிக்க மேடைகளில் விஷம் குடித்துச் செத்து, சினிமாவில் குதிரையால் விழுந்து செத்து, ஒரு நாடகக் குழுவோடு ஜெர்மனிக்கு வந்து தங்கிவிட்டார். இங்கத்தைய துப்பறியும் தொடர்களில் ஒரு அமெரிக்கன் சாகவேணுமென்றால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். தொடக்கத்தில் நடிகர் பெயர்கள் ஓடி முடிய முன்னமே ஆள் செத்துச் சரி. எங்கள் சனம் வைத்த பெயர் 'செத்த அண்ணை'.

ஒருநாள் படியில் குப்பைப் பையோடு நின்று, தன் அமெரிக்க ஜெர்மனில் சொன்னார்: "இப்ப சாகிறதுக்குக்கூட ஒருத்தரும் நாள் குறிச்சு டெர்மின் தாறாங்களில்லை."

"நல்லதுதானே அண்ணை," என்றேன். மனுசன் சிரிக்கவேயில்லை. முகம் செத்துப்போய்க் கிடந்தது, நடிப்பில்லாமல்.

"பாவம், உங்கட நாடகத்தில ஒரு சாவு குடுங்கோவன்," என்றாள் என் மனுசி. தமிழ்ப் பாடசாலை விழாவுக்கு நான் எழுதிய நாடகத்தில் வன்னி அரசன் ஒரு வெள்ளைக்காரக் கப்டனை வெட்டுவான். சரி, பவுடர்ச் செலவு மிச்சம் என்று சேர்த்துக்கொண்டேன்.

அரசன் எங்கள் கடைக்கார அண்ணை. "ஒரே வெட்டு. உடன விழவேணும். பிறகு என்ர வசனம் கிடக்கு," என்று எச்சரித்தார்.

விழா நாளில் அமெரிக்கர் உடன விழுந்தாரா? தள்ளாடினார். முழங்காலில் நின்று அம்மாவுக்கு ஏதோ இங்கிலீஷில் சொன்னார். மேடையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை செத்தார். அரசன் வாளோடு வாய் பார்த்தார். முன்வரிசை அக்காமார் மூக்கை உறிஞ்சினார்கள்.

"ஐயோ பாவமடி! உந்தக் கடைக்காரனுக்கு என்ன கொழுப்பு!"

ஒருவழியாக உயிர் போனது. மண்டபமே கத்தியது: "வன்ஸ்மோர்!"

வடிவாகச் செத்தவனை எழுப்பித் திரும்பச் சாகவைப்பது எங்கள் நாடகக்கொட்டகை வழக்கம். அமெரிக்கருக்கு அது எங்கே தெரியும்? ஏதோ பிழை விட்டதாகப் பயந்து, கிடந்தபடி ஒற்றைக்கண்ணால் என்னைப் பார்த்தார்.

"எழும்புங்கோ அண்ணை! சனம் திரும்பக் கேக்குது!" என்று ஜெர்மனில் கத்தினேன்.

எழும்பினார். செத்தார். சனம் விடவில்லை. திரும்பவும் எழும்பினார். கடைசியில் அரசனே, "எனக்கு ஏலாது, கை உளையுது," என்று கெஞ்சினார்.

திரை விழுந்த பிறகு, கப்டன் உடுப்போடு கதிரையில் இருந்து அழுதுகொண்டிருந்தார்.

"என்ன அண்ணை?"

"வாழ்க்கை முழுக்கச் செத்திருக்கிறன். எழும்பச் சொல்லி ஒருத்தரும் கேட்டதில்லை."

"வாங்கோ, கொத்துரொட்டி ஆறப்போகுது," என்று கையைப் பிடித்தேன். சாப்பாட்டு மேசைவரை அந்தக் கையை விட மனம் வரவில்லை.